பெரியம்மா இன்னும் வரவில்லை

“எங்கே சார் பெரியம்மா?” என்று கேட்டார் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த அம்மாள்.

படகிலிருந்த எல்லோரும் வழிகாட்டியைப் பார்த்தார்கள். வழிகாட்டி மரத்தைப் பார்த்தார். மரம் மொட்டையாக நின்றது.

பெரியம்மா ஒரு பறவை. ஆளின் இடுப்பு உயரம், சாம்பல் நிறம், யாரையும் லட்சியம் பண்ணாத முகம். பருவம் பிறந்ததும் எங்கிருந்தோ வந்து, ஏரி நடுவிலுள்ள திட்டில், பட்டுப்போன அந்த மரத்துக் கூட்டில் உட்கார்ந்துவிடும். அதைக் காட்டத்தான் சுற்றுலாக் கம்பெனி ஆட்களைக் கூட்டி வருகிறது. இந்த முறை பருவம் பிறந்து நாளாகியும் ஆளைக் காணோம்.

“குளிக்கப் போயிருக்கும்மா,” என்றார் வழிகாட்டி.

“சுத்தி வளைச்சுத் தண்ணி. குளிக்க அது எங்கே போகணும்?”

படகுக்காரர் இருமிக்கொண்டே வேறு பக்கம் திரும்பினார்.

“சரி, கிட்டப் போய்ப் பார்க்கலாமே?”

“கயிறைத் தாண்டக் கூடாதும்மா.”

திட்டைச் சுற்றி மிதவைகள் கோத்த கயிறு ஒன்று மிதந்தது. அதைத் தாண்டிப் படகும் போகாது, வலையும் விழாது. அந்தப் பக்கத்து நாணலை ஊர்க்காரர்கள் அறுப்பதும் இல்லை. பதிலுக்கு ஒவ்வொரு பயணச் சீட்டிலும் ஊருக்கு ஒரு பங்கு போகும். குடிநீர்த் தொட்டி, நர்சின் சம்பளம், படகுக்காரர் வீட்டு அடுப்பு எல்லாம் அந்தப் பங்கில்தான் ஓடின. கயிறு கட்டும் யோசனை வழிகாட்டியுடையது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

அதைவிடப் பெரிய பாத்தியதை பெரியம்மாவின் மேல். மூன்று வருஷத்துக்கு முன்பு மனைவி தவறிப்போனபோது ஒரு மாதம் வேலைக்கு வராமல் வீட்டில் கிடந்தார். திரும்பி வந்த அன்று தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். மரத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தது. “நீயாவது இருக்கியே,” என்றார், படகில் எல்லோர் காதிலும் விழும்படி. அதற்கப்புறம் அது அதிகம் பறப்பதில்லை. வயசாகிவிட்டது என்று பயணிகளுக்கு அவரே விளக்கம் சொல்லிவந்தார்.

மாலை மேனேஜர் போன் செய்தார்.

“பறவை இல்லாத ஏரிக்கு நான் எப்படிய்யா டிக்கெட் விக்கறது? இந்த வாரத்துக்குள்ள வரலைன்னா அந்தப் பயணத்தையே நிறுத்திடறேன். ஊர்ப் பங்கும் அதோட சரி. ஏரியில மண் எடுக்க ஒருத்தர் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறாரு, தெரியுமில்ல?”

“வந்துடுச்சு சார்,” என்றார் வழிகாட்டி. வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்தார்.

“அம்மா சால்வையை எதுக்குப்பா கத்திரிக்கோலோட பார்த்துட்டு நிக்கறீங்க?” என்றாள் மகள்.

“நல்ல சாம்பல் நிறம்.”

“அதுக்கு?”

சொன்னார். மகள் தையல் மிஷினின் உறையைக் கழற்றிக் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு உருவம் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

“தலகாணிக்கு மூக்கு வச்ச மாதிரி இருக்குப்பா.”

“தள்ளி நின்னு பாரு.”

மகள் வாசலுக்குப் போனாள். “இன்னும் தள்ளணுமா?”

“தள்ளு.”

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். “அங்கேருந்து பார்த்தா பறவைதான். ஆனா அங்கேருந்து பார்த்தா நீங்களும் பறவையாத்தான் தெரியறீங்க.”

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவரே படகை அவிழ்த்தார். படகில் உட்கார்ந்தே தலை நரைத்தவர், துடுப்பைத் தொட்டதில்லை. படகு பம்பரமாகச் சுற்றியது. தான் கட்டிய கயிற்றைத் தானே தாண்டி, மரத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஏறினால், கூட்டில் ஒரு சாம்பல் துணிக் கிழிசலும் வளைந்த கம்பியும் கிடந்தன.

“எங்கே போனாலும் குப்பை போடற ஜனங்கப்பா,” என்று முனகி இரண்டையும் தோள்பையில் போட்டுக்கொண்டு, சால்வைப் பறவையைக் கூட்டில் கட்டினார்.

அன்று படகில் வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். படகுக்காரர் தூரக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தார்.

“எப்படி இருக்கு?” என்றார் வழிகாட்டி அடிக்குரலில்.

“கொஞ்சம் பூசினாப்ல ஆயிடுச்சு அண்ணே.”

“போன இடத்துல நல்ல சாப்பாடு.”

“இருக்கும் அண்ணே,” என்று கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார் படகுக்காரர்.

கேமராவோடு வந்த ஒருவர்தான் வம்பு பண்ணினார். “அசையவே மாட்டேங்குதே?”

“அடைகாக்குது சார்.”

அந்த ஒரு வார்த்தை ஊரெல்லாம் சுற்றி மேனேஜர் காதுக்குப் போனது.

“அடைகாக்குதா? அது தனியாத்தானேய்யா வரும்?”

“வெளியூர்ல என்ன நடந்துச்சோ, நமக்கென்ன சார் தெரியும்.”

“விளம்பரம் கொடுத்துட்டேன். குஞ்சு எப்போ?”

“அது பெரியம்மா இஷ்டம் சார்.”

கூட்டம் இரட்டிப்பானது. வழிகாட்டியின் தூக்கம் பாதியானது. அதோடு மழையும் பிடித்துக்கொண்டது. கம்பளிச் சால்வை ஊறி, பெரியம்மாவின் தலை நெஞ்சில் தொங்கியது.

“உடம்பு சரியில்லையா?” என்றார் ஒரு பயணி.

“பிள்ளைகளை நினைச்சுக் கவலை,” என்றார் வழிகாட்டி. சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் தொங்கிய தலையை, அந்தச் சால்வையை, அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்திருக்கிறார்.

மறுநாள் தலை விறைப்பாக நிமிர்ந்திருந்தது. முகம்கூடத் தெற்கிலிருந்து கிழக்குக்குத் திரும்பியிருந்தது. வெயிலில் காய்ந்து நிமிர்ந்திருக்கும், காற்றில் திரும்பியிருக்கும் என்று எண்ணிக்கொண்டார். மழை விடவே இல்லை என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை.

கடைசியில் மேனேஜர் ஒரு பறவை ஆய்வாளர் அம்மாளை அனுப்பிவைத்தார், குஞ்சு பொரிக்கும் நாளைக் குறித்துக்கொண்டு வர. அந்த அம்மாளுக்குக் கடுமையான ஜலதோஷம். கரையிலேயே முக்காலி போட்டு, பீரங்கி மாதிரி ஒரு கண்ணாடியைப் பொருத்திப் பார்த்தார். மூக்கைச் சிந்தினார். மறுபடி பார்த்தார்.

“தையல் நல்லா இருக்கு,” என்றார் மெதுவாக.

வழிகாட்டி அப்படியே கரையில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே கண்ணாடியை நாணல் பக்கம் திருப்பினார்.

“கயிறு கட்டினது யாரு?”

“நான்தாம்மா.”

“இங்கே வந்து பாருங்க.”

நாணலுக்குள் சின்னச் சின்னக் கூடுகள். வாத்துகள் குஞ்சுகளை வரிசை பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தன. கொக்குகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளின. இத்தனை வருஷமும் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கம் கண்ணாடியைத் திருப்பியதே இல்லை.

“இவ்வளவையும் விட்டுட்டு ஒரு பொம்மையைக் காட்டிட்டு இருக்கீங்க. மேனேஜர்கிட்ட நான் பேசறேன். பயணமும் நிக்காது, ஊர்ப் பங்கும் நிக்காது. ஆனா…” மூக்கைத் துடைத்தார். “பெரியம்மா இனிமே வராது. அந்த வகையே அருகிப்போச்சு. ஊர்க்காரங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

தலைமேல் இருந்த கல் இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பேர் வைத்தவர்களே ஊர்க்காரர்கள். அவர்களிடம் போய் எந்த வாயால் சொல்வது?

படகுக்காரரின் மனைவிதான் பயணிகளுக்குச் சமைப்பவள். வழிகாட்டி போனபோது அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். படகுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே. ஏன் முகம் இப்படி இருக்கு?”

“ஒண்ணு சொல்லணும்மா. பெரியம்மா வரல. இனிமே வரவும் வராது. அங்கே உக்காந்திருக்கறது நான் தச்ச பொம்மை. என் வீட்டுக்காரியோட சால்வை. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்.”

கத்தி நின்றது.

“சால்வையா அண்ணே?” என்றார் படகுக்காரர். “அதான் நனைஞ்சதும் அந்தக் கனம் கனத்துச்சு. குச்சி வச்சுத் தலையை நிறுத்தறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.”

“நீயா நிறுத்தினே? உனக்கு எப்படித் தெரியும்?”

படகுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி வெங்காயத்தைப் பார்த்தாள்.

வழிகாட்டி கண்ணைத் துடைக்கத் தோள்பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தார். அதோடு வளைந்த கம்பியும் துணிக் கிழிசலும் தரையில் விழுந்தன. அவள் கிழிசலை எடுத்து முழங்காலில் வைத்து நீவினாள்.

“இது எங்க வீட்டு ஜன்னல் திரை அண்ணே.”

“இந்தத் தடவை நான் கட்டினது சரியில்ல,” என்றார் படகுக்காரர், தப்புப் பண்ணியவர் மாதிரி. “முதல் காத்துலயே பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. வேற தைக்கறதுக்குள்ள நீங்களே ஒண்ணு கொண்டுவந்து வச்சுட்டீங்க.”

வழிகாட்டி கீழே கிடந்த கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ போன வருஷம் நான் பார்த்தது? அதுக்கு முந்தின வருஷம்? எல்லாம் ஊர்ப் பங்குக்காகவா?”

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வெங்காயத்துக்காக இல்லை.

“அண்ணி செத்துப்போன அதே வாரம்தான் அதுவும் செத்துச்சு அண்ணே, அந்தத் துக்கத்தோட இதையும் உங்ககிட்ட சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல.”