வெள்ளிக்கிழமை வரை நண்பர்

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் எவரும் வரவேற்பு வாரம் முடிவதற்குள் நண்பர் ஒருவரைப் பெற்றே தீரவேண்டும் என்று பதிவாளர் முடிவெடுத்தார். மற்ற பல்கலைக்கழகங்களில் இப்போது நட்புதான் ஃபேஷனாம். நாம் மட்டும் பின்தங்கலாமா? மைதானத்தில் பலூன் கட்டினார்கள். கயிறு இழுக்கவைத்தார்கள். கண்ணைக் கட்டி, முன்பின் தெரியாதவர் தோளில் சாயவைத்தார்கள். புதன்கிழமைக்குள் எல்லோருக்கும் நண்பர் கிடைத்தாகிவிட்டது, ஒரே ஒரு பெண்ணைத் தவிர.

அவள் நூலகத்துக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நிம்மதியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள்!

உடனே தேர்வுப் பிரிவு எழுத்தரைப் பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். பாவம் மனுஷன், தலை நரைத்தும் தற்காலிகப் பணியிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருப்பவர். சாயங்காலம் வீட்டுப்படி ஏறினால் மனைவி கேட்பது ஒரே கேள்வி: "இன்னுமா நிரந்தரம் ஆகல?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க அந்தப் பொண்ணுக்கு நண்பர்," என்றார் பதிவாளர். "ஆணை போட்டாச்சு."

"சார், எனக்கே அந்த வயசுல ஒரு பொண்ணு இருக்கா."

"நல்லதாப் போச்சு. முன்அனுபவம் உண்டுன்னு எழுதிக்கலாம். வெள்ளிக்கிழமை மேடையில அந்தப் பொண்ணு தன் வாயால 'நண்பர் கிடைச்சுட்டார்'னு சொல்லணும். சொன்னா அப்பவே உங்களை நிரந்தரமாக்கிடறேன். சொல்லலேன்னா தற்காலிகமும் கிடையாது."

எழுத்தர் நூலகத்துக்குப் பின்னால் ஓடினார். போய் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"வணக்கம். நான்தான் உங்க நண்பர்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணே, நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க."

"இதாம்மா வேலை."

"எனக்கு ஊர்ல ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களே. தினமும் போன்ல பேசறேன்."

"அவங்க செல்லாது. வளாகத்துக்குள்ள இருக்கிற நண்பராத்தான் இருக்கணும்."

விதிப்படி இருவரும் தினமும் சேர்ந்து சிரிக்கவேண்டும். சாட்சிக்குப் படம் வேண்டும். காவலாளி வந்து போனை நீட்டுவார். எழுத்தர் பல்லைக் காட்டுவார். அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

வியாழக்கிழமை எழுத்தருக்குக் கடைவாய்ப் பல்வலி. அரைநாள் விடுப்பு கேட்டார். அதற்காக நட்பில் இடைவெளி விழ விடலாமா? தோட்டக்காரரைப் 'பொறுப்பு நண்பர்' என்று கூடுதலாக நியமித்தார்கள். அவர் மண்வெட்டியோடு வந்து நின்று, "எழுத்தர் எதுவரைக்கும் பேசியிருக்கார்னு சொல்லும்மா, அங்கேருந்து நான் பேசறேன்," என்றார்.

மத்தியானம் எழுத்தர் வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தார். அவள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"ரொம்ப வலிக்குதா அண்ணே? ஏதாவது சாப்பிட முடிஞ்சுதா?"

இத்தனை வருஷத்தில் அந்த அலுவலகத்தில் ஒரு ஆள் அவரை இப்படிக் கேட்டதில்லை. மனுஷன் உருகிப்போனார். வீட்டுக் கதை, பெண்ணின் கல்யாணக் கவலை என்று எல்லாவற்றையும் கொட்டினார். கூட்டத்தைக் கண்டாலே கை நடுங்குகிறது, அதனால்தான் இங்கே வந்து உட்கார்கிறேன் என்று அவளும் சொன்னாள். காவலாளி படம் எடுக்க வந்தபோது இருவரும் சிரிக்க மறந்துபோயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதிவாளர் மேடையில் மைக்கை நீட்டினார்.

"நண்பர் கிடைச்சாராம்மா?"

அத்தனை கூட்டத்தையும் பார்த்து அவளுக்குக் கை நடுங்கியது. ஆனாலும் சொன்னாள். "கிடைச்சார் சார். ரொம்ப நல்ல நண்பர்."

எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டலுக்கு நடுவே நிரந்தர ஆணை கைக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: 'நோக்கம் இனிதே நிறைவேறியமையால் மேற்படி நட்பு இன்று மாலையுடன் முடித்துவைக்கப்படுகிறது. நிரந்தரப் பணியாளர்கள் மாணவர்களுடன் நட்புப் பாராட்டுவது நன்னடத்தை விதிகளுக்குப் புறம்பானது.'

"சார், இது எப்படி சார்..." என்று இழுத்தார் எழுத்தர்.

"நட்பு வேணும்னா சொல்லுங்க," என்றார் பதிவாளர் பெருந்தன்மையாக. "திரும்பத் தற்காலிகமாக்கிடறேன்."

அன்று வீட்டில் விருந்து. மனைவி கேள்வியே கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை தேர்வுப் பிரிவு ஜன்னலில் அவள் முகம் மலர்ச்சியாக எட்டிப் பார்த்தது.

"அண்ணே! பல்வலி தேவலையா? அடையாள அட்டை வாங்க வந்தேன்."

எழுத்தருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. 'சாப்பிட்டியாம்மா' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பின்மேஜையில் கண்காணிப்பாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வரிசையில வாங்க," என்றார் எழுத்தர்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "வரிசையே இல்லையேண்ணே. நான் ஒருத்திதான் இருக்கேன்."

"நீங்க நின்னா வரிசை."

அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அப்புறம் பின்னால் போய்ச் சுவரோரமாகத் தனியாக நின்றாள்.

எழுத்தர் தலை நிமிராமல் குரல் கொடுத்தார்: "அடுத்தது யாரு?"