நாய்க்கு நோய், எனக்குப் பத்தியம்

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் நாயை வளர்ப்பவரைப் பத்தியம் இருக்கவைத்த வைத்தியர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பெயர் முழுமை. பெற்றோர் வைத்த பெயர் வேறு. "நாய மட்டும் பார்த்தா போதாது சார், முழுமையா பார்க்கணும்" என்று வாய்க்கு வாய் சொன்னதால் தெரு அவருக்கு இந்தப் பெயரை வைத்தது.

ஊசி, மாத்திரை எதுவும் அவரிடம் கிடையாது. வேப்பிலை, மஞ்சள், கேழ்வரகுக் கூழ், வேகவைத்த பூசணிக்காய், காலை வெயில், மாலை நடை ஆகியவைதான் மருந்துகள். எல்லாம் இயற்கை. மருத்துவத்தில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. முழுமைக்கு நாய் என்றால் பயம்.

சாதாரணப் பயம் இல்லை. தெருவில் நாய் வருவது தெரிந்தால் கடையின் தூக்குப் பலகையை இறக்கித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்றுதான் நோயாளியைப் பார்ப்பார். கிட்டே வந்து பார்க்க முடியாததால் சோதனையை எல்லாம் நாயின் சொந்தக்காரர்மேல் நடத்துவார்.

"நாக்க நீட்டு."

"கோராவையா?"

"அது எங்க சார் நான் சொன்னா நீட்டப்போவுது? நீங்க நீட்டுங்க."

நான் நீட்டுவேன். அவர் என் நாக்கைப் பார்த்துவிட்டு என் நாய்க்கு வயிற்றில் சூடு என்பார்.

கோரா என்பது என் நாய். சாயம் ஏற்றாத பட்டு நூலுக்கு எங்கள் ஊரில் கோரா என்று பெயர். நாயும் அதே நிறம். ஒருமுறை அதற்குச் சொறி வந்தபோது முழுமை வேப்பிலை, மஞ்சள் குளியலுக்கு உத்தரவிட்டார். சொறி போனது. நிறமும் போனது. மாசி மாதம் முழுக்க கோரா கல்யாண வீட்டுப் பத்திரிகைபோல மஞ்சள் பூசிக்கொண்டு திரிந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "சார், வீட்டுல என்னா விசேஷம்?" என்று கேட்டார்கள்.

கோயில் இட்லியை மட்டும் நாய் பக்கம் கொண்டுபோகவே விடமாட்டார். "சுக்கு, மிளகு, நெய்யி எல்லாம் பெருமாளுக்குச் செரிக்கும். இதுக்குச் செரிக்காதுபா" என்பார்.

பக்கத்துத் தெருவில் ஒரு பொமரேனியன் விடாமல் குரைத்தது. முழுமை அந்த வீட்டில் டிவி விவாத நிகழ்ச்சிகளை நிறுத்தச் சொன்னார். வீட்டு மருமகள் ஒரு வாரம் கழித்து வந்தார். "அண்ணா, நாய் கம்முனு ஆயிடுச்சு. இப்ப எங்க மாமனாரு குலைச்சிக்கினு இருக்காரு."

"அவருக்குத் தனியா பார்க்கணும்மா. நமக்கு நாயிங்கதான்."

இனிப்புக் கடைக்காரரின் லாப்ரடார் வாசற்படியை அடைத்துக்கொண்டு படுக்கிற அளவுக்குப் பெருத்துவிட்டது. நாய்க்கும் முதலாளிக்கும் சேர்த்து தினமும் திருப்புட்குழி சாலையில் நடை என்றார் முழுமை. நாய் நடக்க மறுத்தது. கடைக்காரர் அதை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்கவைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். லாப்ரடார் அப்படியே இருந்தது. கடைக்காரர் பாதியானார். "ரெண்டுல ஒண்ணு தேறிச்சில்ல?" என்றார் முழுமை.

இனி கோராவின் கதைக்கு வருகிறேன். என் மகள் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனாள். வீட்டில் நானும் கோராவும் மட்டும். அந்த வாரமே கோரா சாப்பாட்டை நிறுத்திவிட்டது. கடைக்கு அழைத்துப் போனேன். பலகை இறங்கியது.

"இதுக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்க எப்ப சாப்ட்டீங்க?"

யோசித்தேன். சரியாகச் சொல்ல முடியவில்லை.

"பார்த்தீங்களா? நீங்க சாப்புடாம உக்காந்துக்கினு இருந்தா அது மட்டும் எப்படி சாப்புடும்? ரெண்டு வேள தயிர்சாதம். அது எதிர்லயே உக்காந்து சாப்புடுங்க. பெருமூச்சு வுடக்கூடாது."

கோராவின் எதிரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். பெருமூச்சு விடவில்லை. எனக்கு நன்றாகப் பசிக்க ஆரம்பித்தது. கோரா தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வாந்தி எடுத்தது. பயந்துபோய் அதை மறுபடியும் தெரு முனைக்கு நடத்திச் சென்றேன்.

தெருவில் அப்போது பாவு நீட்டியிருந்தார்கள். சேலையின் நீளவாட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் காயவைப்பது வழக்கம். கோராவுக்கு அந்தப் பாவின் கீழே படுத்துச் சொட்டும் கஞ்சியை நக்குவது காலைக் கடமை. அன்று அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கஞ்சி பூசிக்கொண்டிருந்த நெசவாளர் ஏகாம்பரம்தான் அதைக் கவனித்தார். கவனித்தவர் கண் அப்படியே கோராவின் வாலுக்கு இறங்கியது.

"சார், இன்னா இது? பின்னாடி நூலு தொங்குது."

குனிந்து பார்த்தேன். வாலுக்குக் கீழே அரக்குச் சிவப்பில் ஓர் இழை.

"இது நம்ம நூலாச்சே," என்றார் ஏகாம்பரம், பழைய வாடிக்கையாளரைப் பார்த்ததுபோல. "போன வாரம் போட்ட பாவு. அறுந்த நூல எல்லாம் கஞ்சியோட கீழ போட்டிருந்தேன். தின்னுட்டுக்கீது."

இழை தொங்கினால் நெசவாளி கை சும்மா இருக்காது. ஏகாம்பரம் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாகவே அந்த நுனியை நோக்கிப் போயின.

அப்போது ஜெராக்ஸ் கடையில் ஒரு சத்தம். தூக்குப் பலகையைத் தூக்க நேரமில்லாமல் முழுமை அதன்மேல் ஏறிக் குதித்திருந்தார். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

"யோவ் ஏகாம்பரம், கை வெக்காத. இழுத்தா உள்ள குடலு சுருங்கி அறுந்துடும். வுடு."

ஏகாம்பரத்தின் விரல்கள் நின்றன. முழுமை கோராவின் முன்னால் நின்றார். இவ்வளவு கிட்டே அவர் ஒரு நாயைப் பார்த்ததே இல்லை. முகம் வெளுத்துவிட்டது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, குனிந்து, கோராவை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தார்.

"சார், வண்டிய எடுங்க. டாக்டர்கிட்ட போவணும்."

"உங்க வைத்தியம்?"

"இது நம்ம கேஸ் இல்ல சார். எடுங்க."

ஸ்கூட்டரை ஓட்டினேன். பின்னால் முழுமை, மடியில் கோரா. வழி முழுக்க அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"சார், மூஞ்சில ஈரமா இருக்குது. இன்னா பண்ணுது?"

"நக்குது."

"நக்கினப்புறம் கடிக்குமா?"

"கடிக்காது."

"அதுக்குத் தெரியுமா சார்?"

கால்நடை மருத்துவர் ஒரு இளம்பெண். கோராவைத் தொட்டுப் பார்த்தவுடன் முகம் மாறியது. உடனே அறுவை செய்ய வேண்டும், பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். "இதுவரைக்கும் என்ன ட்ரீட்மென்ட் குடுத்தீங்க?"

முழுமை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தயிர்சாதம் குடுத்தோம்மா."

"நாய்க்கா?"

"இல்ல. சாருக்கு."

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோராவை உள்ளே தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு காலில் செருப்பில்லாமல், சட்டை முழுக்கக் கோராவின் ரோமத்தோடு, முழுமை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது இதுன்னு நெனைக்காம மொதல்லயே இங்க இட்டாந்திருக்கணும் சார். முழுமைன்னா டாக்டரையும் சேர்த்துதான்" என்றார்.

கோரா பிழைத்தது. உள்ளேயிருந்து எடுத்த நூல் உருண்டையை மருத்துவர் ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டினார். விஷயம் கேள்விப்பட்ட ஏகாம்பரம் வருத்தத்தோடு விசாரித்தார். அதன்பின் அறுந்த நூலைப் போட ஒரு டப்பா வைத்துக்கொண்டார். "சாயம் போச்சா சார்?" என்றும் கேட்டார். போகவில்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

கோராவுக்கோ அன்றிலிருந்து முழுமைமேல் அளவில்லாத பாசம். கஞ்சி நக்கப் போகாமல் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் வாலை ஆட்டும். முழுமை வழக்கம்போல் பலகையை இறக்கித் தாழ்ப்பாள் போடுவார். "சார், கூப்புடுங்க சார், சிரிக்குது சார்" என்று மெஷினுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

இப்போது அவர் மகனோடு ஓசூரில் இருக்கிறார். கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். ஓசூரிலும் அடுக்குமாடி நாய்களை இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து பார்க்கிறாராம். அது அவருக்கு வசதியான உயரம்.

கோரா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது, நன்றாகத் தூங்குகிறது, எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முழுமைக்குப் போன் செய்து, கோரா சரியாகச் சாப்பிடவில்லை என்று சொல்கிறேன். அவர் உடனே கேட்பார்:

"அது கெடக்குது. நீங்க சாப்ட்டீங்களா சார்?"