மாடி வீட்டு நெட்

என் மனைவி இனி மாடிப்படி ஏறக்கூடாது! வீர சபதம் எடுத்துவிட்டேன். மனசுக்குள்தான். சத்தமாக எடுக்கிற அளவுக்கு எனக்கு வீரம் போதாது.

அவள் தையல் டீச்சர். பாடத்தை வீடியோ எடுத்து ஆன்லைனில் ஏற்றுவாள். எங்கள் வீட்டு பிராட்பேண்டில் எதுவும் ஜோராக இறங்கும். ஏற்றும்போதுதான் அதற்கு மூச்சு வாங்கும். சட்டைக் காலர் பாடம் போய்ச் சேருவதற்குள் அவள் முழுச் சட்டையே தைத்துவிடுவாள்.

"மாடியில போய் ஏத்திட்டு வந்துடறேங்க."

மாடியில் இருப்பவர் ஒரு பல் டாக்டர். கல்யாணம் ஆகாதவர். எதிரே வந்தால் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார். எனக்கு ஒவ்வொரு பல்லின் மேலும் தனித்தனியாகக் கோபம்.

"அவர் வீட்டு நெட் என்ன வேகம் தெரியுமா? பட்டனை அழுத்தினா போதும், போயிடுது!"

"நம்ம வீட்லயும் போகும். கொஞ்சம் பொறுமை வேணும்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பொறுமையாத்தானே இருக்கேன்!"

வயிறு எரிந்தது. ஒரு குட்டிக் கேமரா வாங்கினேன். வாசல் பூந்தொட்டியின் இலைகளுக்குள் ஒளித்து, மாடிப்படியைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அது நாள் பூரா படம் பிடித்து எங்கள் வீட்டு நெட் வழியாக அனுப்பும். ஆபீசில் உட்கார்ந்து போனில் நான் பார்ப்பேன்.

பார்த்தேன். எப்போதாவது போனவள் இப்போது தினமும் போகிறாள்! ஏறும்போது தலையை வேறு வாரிக்கொள்கிறாள். இறங்கும்போது முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. மேனேஜர் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் போனைப் பார்த்துப் பொருமினேன்.

"ஏன் தினமும் போறே?" அன்று சாயங்காலம் கேட்டே விட்டேன்.

"நெட் இப்ப ரொம்ப மோசங்க. நகரவே மாட்டேங்குது."

"புது ரவுட்டர் வாங்கிடுவோம்!"

"ரவுட்டருக்கு ஒண்ணுமில்ல. பூந்தொட்டிக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

என் கண் தானாக வாசல் பக்கம் போயிற்று.

"அது... திருட்டு பயம்..."

"திருடன் மாடியிலேருந்தா இறங்கி வருவான்? நாள் பூரா அது வீடியோ அனுப்பினா என் பாடம் எந்த வழியா போகும்?"

"வச்ச அன்னிக்கே தெரியுமா?"

"செடிக்குத் தண்ணி ஊத்தறது யாரு? நீங்களா?"

"தப்புதாம்மா. இப்பவே கழட்டிடறேன்."

"ஐயையோ, கழட்டிடாதீங்க!" பதறிப்போனாள். "நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே டாக்டர் கிளினிக் போயிடறார். அவர் வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு. பாடத்தை ஏத்திட்டு, காலை நீட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கேன். லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கிட்டு, என் போனை இங்கேயே வச்சுட்டுப் போறேன்; 'கண்ணாடி எங்கே, பைல் எங்கே'ன்னு ஆபீஸ்லேருந்து நீங்க போன் பண்ணாலும் எனக்குக் கேக்காது. நெட் சரியாயிட்டா நான் எதைச் சொல்லிட்டு மாடிக்குப் போறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு துணியைக் கையில் திணித்தாள்.

"லென்ஸ்ல தூசி படிஞ்சிருக்கு பாருங்க. துடைச்சு வைங்க."

துடைத்து வைத்தேன்.