உடும்பு வீரனின் போன கல்யாணம்

பதற்றம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். கொடுத்துவைத்தவர்கள். எனக்குத் திறந்துகொள்ளும். விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். சின்னக் கீறலை என் விளக்கத்தாலேயே தையல் போடும் அளவுக்குக் கொண்டுபோன அனுபவங்கள் எனக்கு நிறைய. அவற்றில் தலையாயது என் தம்பி குமரனின் கல்யாணத்தில் நடந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஃப்ளெக்ஸ் போர்டு கடை. எங்கள் பக்கம் போர்டு இல்லாமல் காது குத்துகூட நடக்காது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, சிங்கத்தின் மேல் உட்காரவைத்து, பின்னால் ராஜகிரிக் கோட்டையை நிறுத்த வேண்டும். ஊரார் பிள்ளைகளைச் சிங்கத்தில் ஏற்றி ஏற்றி எனக்கே அலுத்துவிட்டது. சொந்தத் தம்பிக்காவது புதுசாகச் செய்வோம் என்று படக்கதை போடத் தீர்மானித்தேன். கதை, வசனம், ஓவியம் எல்லாம் நானே. (யாரும் கேட்கவில்லை.)

நாயகன் பெயர் உடும்பு வீரன். முகம் குமரனுடையது. பச்சைச் சட்டை, நீளமான வால். எந்தப் பாறையிலும் வெறுங்கையோடு ஏறுவான். நாயகன் எதையாவது இழந்தால்தான் கதை நிற்கும் என்று எனக்குள் இருந்த மேதை சொன்னான். கல்யாண போர்டு ஆயிற்றே, கல்யாணத்தையே இழக்கட்டும் என்று விட்டேன்.

ராஜகிரி உச்சிப் பாறை ஊர்மேல் உருளப் பார்க்கிறது. அதைத் தடுக்கும் மந்திரவாதி கூலியாகக் கேட்பது உடும்பு வீரனின் கல்யாணத்தை. வீரன் கொடுத்துவிடுகிறான். மனைவியின் கழுத்திலிருந்த தாலி புகையாகப் போகிறது. மறுநாள், அந்த மனைவி உட்பட, ஒருவருக்கும் அப்படியொரு கல்யாணம் நடந்ததே ஞாபகமில்லை. கீழே 'தொடரும்'. இது முதல் போர்டு. இரண்டாவதில் வீரனுக்கு மணப்பெண் கலைச்செல்வி கிடைத்து எல்லாம் சுபம். (அப்படியானால் அவள் இரண்டாம் தாரம் ஆகிறாளே என்பது அந்த மேதைக்கு உறைக்கவில்லை.)

முதல் போர்டு அடித்து முடித்ததும் கரண்ட் போய்விட்டது. இருப்பதை மாட்டுவோம் என்று மண்டப வாசலில் மாட்டிவிட்டேன்.

வரவேற்பு மாலை. பெண்ணின் தாய்மாமன் வந்து இறங்கினார். அவலூர்பேட்டையில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருப்பவர். மூட்டைக்குள் கைவிட்டு மல்லாட்டையை உடைத்து உடைத்துப் பருப்பைப் பார்ப்பதுபோலவே ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி இது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டுதா?"

"இல்ல மாமா, அது உடும்பு வீரனுக்கு."

"மூஞ்சி மாப்பிள்ளை மூஞ்சியா இருக்குதே."

"மூஞ்சி மட்டுந்தான் மாமா."

"அப்ப தாலி கட்டினது யாரு, வாலா?"

மாப்பிள்ளையின் அப்பாவான என் நைனாவைக் கூப்பிட்டு விசாரித்தார். "எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒண்ணும் நடக்கலியே" என்றார் நைனா.

"போர்டுலயும் அதான் போட்டிருக்குது. யாருக்கும் ஞாபகம் இருக்காதுன்னு."

சித்தப்பாவைக் கேட்டார். சமையல்காரரைக் கேட்டார். எல்லோரும் தெரியாது என்றார்கள். அவர்கள் மறுக்க மறுக்க என் கதைக்குச் சாட்சி கூடிக்கொண்டே போனது.

"தொடரும்னு வேற போட்டு வெச்சிருக்கீங்க. இன்னும் எத்தினி கல்யாணம் பாக்கி இருக்குது?"

எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. வாய் திறந்துகொண்டது.

"மாமா, அந்தப் பொண்ணுகூட வெளியாள் இல்ல. நம்ம வீட்டுப் பொண்ணுதான். என் சம்சாரம்."

பாட்டுக் கச்சேரிக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். (நான் சொல்லவந்தது வேறு. கடைக் கம்ப்யூட்டரில் கைக்குக் கிடைத்த பெண் முகம் என் மனைவி அமுதாவுடையது. கண்ணுக்கு ஒரு முகமூடி போட்டு ஒட்டியிருந்தேன்.) அமுதா அந்த போர்டின் கீழேயேதான் கற்கண்டுத் தட்டோடு நின்றிருந்தாள். மாமன் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அமுதாவும் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரைக் கேட்டு என் தாலிய புகையா வுட்டே?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மாமன் துண்டை உதறினார். "வேன எடுக்கச் சொல்லு. நம்ம ஆளுங்கல்லாம் ஏறுங்க."

நிஜமாகவே ஏற ஆரம்பித்தார்கள். மேடையில் குமரன் மாலையோடு நின்று என்னைப் பார்த்தான். அவன் கையில் ஒரு பாறை இருந்திருந்தால் என்மேல்தான் உருட்டியிருப்பான்.

அப்போது கலைச்செல்வி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். போர்டைப் பொறுமையாகப் படித்தாள்.

"மாமா, இந்தக் கதையில யாருக்குமே ஞாபகம் இருக்காதா?" என்று என்னைக் கேட்டாள்.

"இருக்காதும்மா."

"அந்தப் பொண்ணுக்கும்?"

"அவளுக்கும்தான்."

தாய்மாமனிடம் திரும்பினாள். "அப்ப அது நானாத்தான் இருக்கும் மாமா. எனக்கும் சுத்தமா ஞாபகம் இல்ல."

"இன்னாடி சொல்றே? நீ மாப்பிள்ளையை முன்னாடியே கட்டிக்கினியா? எனக்குத் தெரியாமயா?"

"உங்களுக்குத் தெரியாம எப்படி நடக்கும்? நீங்கதான் சீர் செஞ்சிருப்பீங்க. உங்களுக்கும் ஞாபகம் போயிட்டிருக்குது."

மாமன் மறுபடி போர்டை மேலிருந்து கீழே படித்தார். எந்தக் கட்டத்திலும் அவள் சொன்னதை மறுக்க வழி இல்லை.

"அப்ப ரெண்டாவது வாட்டியும் நானே சீர் செய்யணுமா?" என்றார் கடைசியில்.

வேனுக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். அது பரவியது. மாமனும் மீசைக்குள் சிரித்துக்கொண்டு வேனை அணைக்கச் சொன்னார். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு முன் அந்த போர்டைத் தானே நின்று அவிழ்க்கவைத்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் கலைச்செல்வி தன் கண்டுபிடிப்பைக் கைவிடவில்லை. "போன கல்யாணத்துலயும் இப்படித்தான் ஈரத்துண்ட கட்டில் மேல போட்டிருப்பே" என்று ஆரம்பிப்பாள். குமரனால் இல்லையென்று சொல்ல முடியாது, அவனுக்குத்தான் ஞாபகமில்லையே.

போன வாரம் எனக்கு ஃபோன் செய்தான்.

"அண்ணே, போன கல்யாணத்துல பாத்திரம் கழுவினது நான்தானாம். துணி மடிச்சது நான்தானாம். கதை எழுதினவன் நீதானே, அப்படியெல்லாம் இல்லன்னு சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அமுதா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஞாபகம் இல்லடா" என்று வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனேன்.