மொட்டைமாடியில் எட்டு ராணிகள்

எங்கள் வீட்டு விசேஷத்தில் இனி ஒரு சண்டைகூட நடக்காது என்று சபதம் போட்டேன். போட்ட இடம், பெசன்ட் நகர் குப்பத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை. கேட்டவள் என் மனைவி தேசம்மா. சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

விஷயம் இதுதான். மகள் தமிழ்நிலாவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கோயிலில் பூசை முடிந்ததும் மொட்டைமாடியில் பிரியாணி. தேசம்மாவின் அத்தை, பெரியம்மா, சின்னம்மா என்று எட்டுப் பேர் வருவார்கள். எட்டுப் பேரும் மீன் விற்கிறவர்கள். எட்டுப் பேருக்கும் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை கிடையாது. கோபாலபுரத்தில் சொர்ணம் அத்தையின் வாடிக்கை வீட்டில் தங்கபுஷ்பம் பெரியம்மா கூடையை இறக்கிவிட்டார். அதில் ஆரம்பித்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள். பிறகு கட்சிக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். போன விசேஷத்தில் தயிர்ப்பச்சடி பறந்தது.

"இந்தத் தபாவாவது யாரும் சண்ட போடாம சாப்புடுவாங்களாப்பா?" என்று தமிழ்நிலா கேட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் அடையாறில் ஒரு டுடோரியலில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் வைக்கிற புதிரை வருஷா வருஷம் நடத்துகிறேன். ராணி நேராக வெட்டும், பக்கவாட்டில் வெட்டும், மூலைவாட்டிலும் வெட்டும். அத்தைகளின் பார்வையும் அப்படித்தான்.

"வரிசைக்கு ஒரு அத்தை," என்று தேசம்மாவுக்கு விளக்கினேன். "அடுத்த வரிசையில எங்க வெச்சாலும் வெட்டு வுழுதுன்னா, பின்வாங்கி, முந்தின அத்தைய நகத்திட்டு மறுபடி வெக்கணும். பின்வாங்கற முறைன்னு பேரு."

"பின்வாங்கறது உனுக்கு நல்லா வருமே மாமா."

"வெளையாடாத. மொத்தம் தொண்ணூத்திரண்டு வழி கீது."

"ஒண்ணு போதும். அப்பவும் சண்ட வந்தா?"

"அன்னிக்கு ஒரே ஒரு சண்ட வந்தாலும், இனிமே இந்த வூட்ல மீன் ஆயறது நான்தான்."

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். குப்பத்தில் பிறந்து, செதிலைக் கண்டால் குமட்டுகிற ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்பது ஊருக்கே தெரியும்.

"வரலன்னா?"

"கிறிஸ்மஸ் வரைக்கும் நான் சொல்றதுதான் சட்டம்."

"சரி மாமா," என்றாள். தேசம்மா எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

மாடியில் சாக்பீஸால் அறுபத்து நான்கு கட்டம் போட்டேன். கம்ப்யூட்டர் சொன்ன எட்டுக் கட்டத்தில் எட்டு வாடகை நாற்காலி. பூசை முடிந்து வந்த அத்தைகளை ஒவ்வொருவராக அழைத்துப்போய் உட்காரவைத்தேன். மாடியே அமைதியாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேசம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"மருமவனே," என்றார் சொர்ணம் அத்தை. "என்னை இன்னாத்துக்குத் தண்ணி டேங்க்காண்ட தனியா குந்த வெச்சிகீற?"

"நீங்க யாரையும் வெட்டக் கூடாதுன்னுதான் அத்தை."

"நான் எவளை வெட்டுனேன்?"

அதோடு வாயை மூடியிருக்கலாம். வாத்தியார் வாய், மூடவில்லை. "உங்களை மட்டும் இல்ல அத்தை, எட்டுப் பேரையுந்தான் கணக்குப் போட்டுப் பிரிச்சு வெச்சிகீறேன்."

தங்கபுஷ்பம் பெரியம்மா எழுந்தார். "இன்னாபா இது அக்கிரமம். அவ வெயில்ல காஞ்சிக்கினு கீறா. சண்டக்காரி நானே அவள இப்டி ஒதுக்கி வெச்சதில்ல. சொர்ணம், நீ இப்டி நெழல்ல வா."

சொர்ணம் அத்தை வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். நிழலுக்கு அல்ல, என்னை நோக்கி. நேரே இருவர், பக்கவாட்டில் இருவர், மூலைவாட்டில் நால்வர். என் படிப்பு, என் வழுக்கை, என் அம்மா என்னை வளர்த்த விதம், எல்லாம் வெட்டுப்பட்டது. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொண்டார். தொண்டை வறண்டதும் நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போட்டு, ஒருவர் இலையிலிருந்து ஒருவர் இலைக்குக் கறித்துண்டு மாற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். நடுவில் தமிழ்நிலா வெள்ளை கவுனோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அண்டா கழுவும்போது தேசம்மாவிடம் சொன்னேன். "பாத்தியா, அவங்களுக்குள்ள ஒரு சண்ட இல்ல."

"இல்லதான். உன்னாண்ட போட்டாங்களே, அதுக்குப் பேரு இன்னா, ஜெபமா?"

பலகையில் நானும் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இப்டி ஆவும்னு தெரியுமா உனுக்கு?"

"காலைலயே எட்டுப் பேருக்கும் போன் போட்டேனே. 'எங்க வூட்டுக்காரு உன்னை சண்டக்காரின்னு தனியா குந்த வெக்கப் போறாரு, மனசுல வெச்சுக்காத'ன்னு."

"அடிப்பாவி. ஏன்?"

"எட்டும் ஒண்ணா சேரணும்னா, எட்டுக்கும் திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும். வேற யாரையாவது திட்டுனா அது வளந்துக்கினே போவும். நீன்னா நாளைக்கே மறந்துடுவ." ஈரக் கையை என் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள்.

கோபப்படத்தான் பார்த்தேன். வரவில்லை. குழந்தை சிரித்துக்கொண்டே சாப்பிட்டது, எனக்கு அது போதும். தவிர, மீன் ஆய்வது அப்படி என்ன பெரிய வேலை. பெரிய மீனாக ஒரே ஒரு வஞ்சிரம் வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடலாம்.

அடுத்த ஞாயிறு எட்டு அத்தைகளும் சாப்பிட வருவதாகச் சொல்லி, தேசம்மா கூடை நிறைய வாங்கி வந்தது நெத்திலி.