நலம் விசாரிக்க வந்தவர்

"இந்த மாசமும் பதினேழு பேரு காய்ச்சல், தலைவலின்னு லீவு. அடுத்த மாசமும் குறையலைன்னா நலத்துறைன்னு ஒண்ணு எதுக்குங்க?" என்றார் முதலாளி.

திருநகரில் இருந்த அந்தச் சட்டைக் கம்பெனியில் நலத்துறை என்பது அழகுபாண்டி ஒருவர்தான். நல்ல மனசுக்காரர். படுத்திருப்பவர்களை வீட்டுக்கே போய் விசாரித்தால் தெம்பாகி ஓடி வந்துவிடுவார்கள் என்று நம்பினார்.

அன்றே ஆரஞ்சுப் பழத்தோடு வண்டியூரில் இருந்த தையல்காரி சோணையம்மாள் வீட்டுக்குப் போனார். காய்ச்சலில் கிடந்தவள் பதறி எழுந்தாள்.

"வாங்கண்ணே! மொத மொத வந்திருக்கீங்க, சாப்பிடாமப் போகக் கூடாது."

"அதெல்லாம் வேணாம்மா, படு."

அவள் கேட்கவில்லை. கோழி வாங்கிவரச் சொல்லி, அடுப்படியில் நின்று குழம்பு வைத்தாள். ஒரு நாள் காய்ச்சல் நாலு நாளானது.

இனி யாரையும் சமைக்க விடக் கூடாது என்று, வயிற்றுவலியில் படுத்திருந்த கட்டிங் மாஸ்டர் கருப்பு வீட்டுக்குப் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் கட்டிக்கொண்டு போனார்.

"எனக்குக் கஞ்சிதாண்ணே..."

"உனக்கில்லப்பா, வீட்டுல உள்ளவங்களுக்கு."

சால்னா வாசனைக்குக் கருப்பு எழுந்து உட்கார்ந்தார். எழுந்துவிட்டாரே என்று அழகுபாண்டிக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் கருப்பு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

சாப்பாட்டுப் பேச்சே வேண்டாமென்று, அடுத்த தடவை ஒரு டாக்டரையே கூட்டிப் போனார். தலைவலி என்று சொல்லியிருந்த இசைவாணிக்கு ஒன்றுமில்லை. வந்ததற்கு, பக்கத்தில் நின்ற மாமியாருக்கும் டாக்டர் பிரஷர் பார்த்தார். இருநூறு! மாமியாரைக் கவனிக்க இசைவாணி பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

அலைந்த அலைச்சலில் அழகுபாண்டிக்கே காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்துக் கிடந்தார். பிறகு ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார்.

முதலாளி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரமா புதுசா ஒரு ஆள்கூட லீவு போடலை. எல்லாம் உங்களாலதான்! நீங்க இந்தக் கம்பெனிக்கு வேணும்."

கண் கலங்கிப்போய் வெளியே வந்தவர், வருகைப்பதிவு பார்க்கும் பவதாரிணியிடம் கேட்டார்: "நான் வீட்டுலதானே கெடந்தேன். அப்படி என்னம்மா செஞ்சேன்?"

"நீங்க ஒண்ணும் செய்யலண்ணே. 'இனி லீவு போடுறவங்க வீட்டுக்கு அழகுபாண்டியை அனுப்பிருவேன்'னு முதலாளி மைக்குல சொன்னாரு, அம்புட்டுதான்."