கம்பிச் சிக்கலை எடுத்தது குழு அல்ல

மதிப்பிற்குரிய தொழிற்சாலை மாத இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இரண்டாம் ஷெட்டில் ரோபோ வெல்டிங் பார்க்கும் பெண்ணின் பாட்டி எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கண்பார்வை மட்டும் இன்னும் கொஞ்சம் நலமாக இருக்க வேண்டும். இந்த மாத இதழின் நடுப்பக்கத்தை நான் நான்கு தடவை படித்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான்; ஆனால் ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அந்தப் படிப்பு தாராளமாகப் போதும்.

"நாற்பது நாள் சிக்காத கம்பி: நம் ரோபோவின் சாதனை" என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். ரோபோ என்ன சாதித்தது? அது பாட்டுக்கு நின்ற இடத்தில் நிற்கிறது. படத்தில் உங்கள் பிரிவு மேலாளர் அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டு, சொந்தத் தாய்மாமன் மாதிரி சிரிக்கிறார். ஓரத்தில் தீப்பொறித் தழும்போடு ஒரு முழங்கை. நான் குளிப்பாட்டி வளர்த்த கை ஐயா அது. கடைசியில் "கோளாறைக் குழு கண்டுபிடித்தது" என்று ஒரு வரி. அந்தக் குழு யார், எத்தனை பேர், எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்?

நடந்ததை நான் சொல்கிறேன், ஏனென்றால் எட்டு மாதமாக எங்கள் வீட்டில் சாப்பிடும்போது வேறு பேச்சே கிடையாது. டிரம்மிலிருந்து கிளம்பும் வெல்டிங் கம்பியை இரண்டு உருளைகள் பிடித்துத் தள்ள, அது ஒரு கேபிளுக்குள் நுழைந்து, ரோபோவின் நுனியில் இருக்கும் செம்பு மூக்கு வழியாக ஒரே சீராக வெளியே வர வேண்டும். வந்ததா? திக்கித் திக்கி வந்தது. முன்னால் வழியில்லை என்று பின்னால் இருக்கும் உருளைக்குத் தெரியுமா, அது பாட்டுக்குத் தள்ளும், போக இடமில்லாத கம்பி அங்கேயே குருவிக்கூடு மாதிரி சுருண்டுகொள்ளும், ரோபோ கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும், சிவப்பு விளக்கு சுற்றும், உடனே ஷெட்டே என் பேத்தியைத் திரும்பிப் பார்க்கும். கம்பி மட்டம் என்று கம்பியை மாற்றினார்கள். மூக்கு அடைப்பு என்று கைநிறைய மூக்கு மாற்றினார்கள். உருளையை இறுக்கினால் சரியாகிவிடும் என்று உங்கள் மேலாளரே இறுக்கினார். கம்பி நசுங்கி, வந்துகொண்டிருந்ததும் வராமல் போயிற்று. பிறகு வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார், டிரம்மை இரண்டு சுற்று சுற்றினார், தூசி அதிகம் என்றார், போய்விட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பேத்திதான் தரையில் உட்கார்ந்து, கேபிளை நீட்டிப் போட்டு, உள்ளே இருக்கும் லைனர் என்கிற குழாயை உருவிப் பார்த்தாள். ஒரு விரற்கடை குட்டை. மூக்கு வரைக்கும் வர வேண்டிய குழாய் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டால், பிடிமானம் இல்லாத கம்பி அந்த இடைவெளியில் நெளியாமல் என்ன செய்யும்? கேபிள் சுருண்டு கிடக்கும்போதே அளந்து வெட்டினால் அப்படித்தான் குறையுமாம். புதுக் குழாய் போட்டாள். அன்றோடு சிக்கல் ஒழிந்தது.

அடுத்த மாதம் லைன் லீடர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள். இதழில் யார் பெயர் வந்தது என்று மேலே இருப்பவர்கள் பார்ப்பார்களாம். இதை நான் தெரிந்துகொண்டது போல உங்கள் மேலாளரும் தெரிந்துதான் அவள் பெயரை விழுங்கிவிட்டு, குழு என்று ஏப்பம் விட்டிருக்கிறார். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். இவளைக் கேட்டால், "விடு பாட்டி, பேர்ல என்ன இருக்கு" என்று தட்டைக் கழுவப் போய்விடுகிறாள். நான் விடுவதாக இல்லை. வரும் இதழில் அவள் பெயர் முழுதாக, படம் முழுதாக வர வேண்டும். அதோடு, அந்தக் குழாயைக் குட்டையாக வெட்டி எட்டு மாதம் ஒரு ஷெட்டையே ஆட்டிவைத்த மகானுபாவன் யார் என்றும் விசாரித்து, அவன் படத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். ஊர் பார்க்கட்டும்.

கோபத்தில் எழுதினாலும் மனதில் ஒன்றும் இல்லை. உங்களுக்கும் அச்சுக் கோப்பவர்களுக்கும் தீர்க்காயுசு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பேத்தியின் பாட்டி

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுதித் தரச் சொல்லிக் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நின்றபடி படித்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாட்டி, அந்தக் குழாயை வெட்டினதே நான்தான்" என்றாள். ரோபோ வந்த முதல் வாரமாம். உருவிப் பார்த்ததும் புரிந்துவிட்டதாம். மறுநாள் காலை முதல் வேலையாகத் தானே மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர், "சரிம்மா, இனிமே லைனர் வெட்டுறது நீ மட்டும்தான். வேற யாரையும் தொட விடாதே" என்றாராம். கண்டுபிடித்தவர் பெயரைப் போட்டால் வெட்டியவர் பெயரையும் கேட்பார்கள் என்று, குழு என்று போடச் சொன்னவரும் அவரேதானாம். லைன் லீடர் பட்டியலில் இவளை எழுதியதும் அந்த மனிதர்தான்.

ஆகையால் ஐயா, பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம், விசாரணை அறவே வேண்டாம். குழு நல்ல சொல். விலாசம் எழுத மாட்டேன் என்று அவள் எழுந்து போய்விட்டாள். அதனால் நானே எழுதியிருக்கிறேன். பிறகு எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்பீர்கள். தப்பைத் தானே போய்ச் சொன்னாள் பாருங்கள், அதை வெளியே ஒருவரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.